யாராவது கேட்டால் உடனே 'சரி' சொல்லிவிடுகிறேன்: மூச்சுப்பயிற்சி உதவுமா?

நடுவுல_பொறந்தவ
செவ்வாய், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிறவளாகவே இருந்தேன். இப்போது கேட்க ஒன்று இருக்கிறது.

வயது 38. கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. முன்கோபம் எல்லாம் எனக்குக் கிடையாது. என் கோளாறு வேறு. எதிரில் நிற்பவர் கொஞ்சம் குரலை உயர்த்தி ஒன்றைக் கேட்டால் என் வாயில் 'சரி' வந்துவிடுகிறது. வந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறேன். போன மார்ச்சில் கணக்கு முடிக்கும் நேரத்தில் இன்னொருவர் வேலையையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மனை பார்க்கப் போனபோது, "மத்தியானம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க மேடம்" என்று தரகர் சொன்ன ஒரே வார்த்தைக்கு 50,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். அது திரும்பி வரவில்லை.

இப்போது வந்திருப்பது பெரிய விஷயம். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. அண்ணனும் தம்பியும் என்னை விடுதலைப் பத்திரத்தில், அதாவது வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே" என்பது பாட்டு. வருகிற ஞாயிறு அம்மா வீட்டில் உட்கார்ந்து பேசப் போகிறோம். போடலாமா வேண்டாமா என்று இங்கே கேட்க வரவில்லை, அது என் பாடு. அண்ணன் குரல் ஏறியதும் நான் முடிவு செய்வதற்குள் என் வாய் முடிவு செய்துவிடும், அதுதான் பயம்.

போன வாரம் அலுவலகத்தில் எச்ஆர் ஒருவரைக் கூட்டி வந்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விட்டு, மறுபடி நாலு எண்ணி நிறுத்த வேண்டும். 'பாக்ஸ் பிரீத்திங்' என்று பெயராம், அமெரிக்கக் கடற்படை அதிரடிப் படையினர் செய்வதாம், நல்ல முடிவு எடுக்க உதவுமாம். நிஜமாகவே யாருக்காவது உதவியிருக்கிறதா?

ஆவடி_லோக்கல்
செவ்வாய், இரவு 10.51

எச்ஆர் ஆள் வைத்து மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த மாதம் அப்ரைசல் என்று அர்த்தம். உஷார்.

ராத்திரி_ட்யூட்டி
புதன், அதிகாலை 3.15

அரசு மருத்துவமனையில் செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினாலு வருஷம். இப்போது வார்டு அமைதியாக இருப்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், பிறகு மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் தளரும். இளவயதுக்காரர்களுக்கு மானிட்டரிலேயே இது பளிச்சென்று தெரியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் "சிஸ்டர், பேஷன்ட்டுக்கு இதயத்துடிப்பு ஒழுங்காக இல்லை" என்று ஓடி வருவார்கள். அது இயல்பானதுதான். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு மூச்சை விடும் நேரத்தில் பிரேக்கை அழுத்துகிறது, இழுக்கும் நேரத்தில் கொஞ்சம் தளர்த்துகிறது. அதனால் பதற்றமாக இருக்கிறவரிடம் "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்று எல்லோரும் சொல்வதில் 'இழுத்து' என்பது அவ்வளவு முக்கியமில்லை. விடுவதை நீட்ட வேண்டும், வேலை செய்வது அந்தப் பகுதிதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு. அதை ஆறுக்குக் கொண்டுவந்தால் போதும், அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. நாலு இழுக்க, ஆறு விட. இரண்டு நிமிஷம் செய்தால் பன்னிரண்டு மூச்சு. நிறுத்தி வைப்பதெல்லாம் உங்கள் காரியத்துக்குத் தேவையில்லை. பிபி அதிகம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சியை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

எண்ணினால் எனக்குக் கவனம் ஓடிவிடும். அதனால் எங்கள் வார்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். மின்சார ரயில்! இழுக்கும்போது மனசுக்குள் கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர். விடும்போது சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி. சரியாக நாலும் ஆறும். தாம்பரத்துக்காரர்கள் பலருக்கு இது உடனே பிடிபடும்.

ஆவடி_லோக்கல்
புதன், காலை 7.08

எங்க லைனுக்கு இதை எப்படி சிஸ்டர் போடுவது? பேசின் பிரிட்ஜில் வண்டி சும்மா நிற்கும், அதுவே மூச்சை அடக்கும் பயிற்சி.

ஓஎம்ஆர்_அகதி
புதன், காலை 9.40

எல்லோரும் ரசிக்கிற நேரத்தில் நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் ஆபீஸிலும் இந்த வகுப்பு நடந்தது. எட்டுப் பேர் பார்த்த வேலையை ஐந்து பேர் பார்க்கிறோம். இரவு பதினொன்றுக்கு கால். அந்த மாதம்தான் மூச்சுப்பயிற்சி ஆள் வந்தார். ஆளைக் குறைத்தது அவர்கள், மூச்சை ஒழுங்கு பண்ண வேண்டியது நான். இந்த வகுப்பு எல்லாவற்றிலும் பிரச்சினை நமக்குள்ளேயே இருப்பதாக ஒரு நினைப்பை ஊட்டிவிட்டுப் போகிறார்கள். சகோதரி விஷயத்தையே பாருங்கள். குரலை உயர்த்துகிறவர் அண்ணன். பயிற்சி மட்டும் தங்கைக்கா?

ராத்திரி_ட்யூட்டி
புதன், காலை 10.02

நியாயம்தான். எங்கள் வார்டிலும் ஆள் பற்றாக்குறைக்கு மூச்சுப்பயிற்சி மருந்து ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணனைத் திருத்த முடியாது தம்பி. தங்கச்சி கையில் இப்போது இருப்பது தன் மூச்சு மட்டும்தான். ட்யூட்டி முடிந்தது, தூங்கப் போகிறேன்.

93ல்_ஒருவன்
புதன், மதியம் 1.20

என் பெயருக்குக் காரணம் கேட்டு இங்கே ஏற்கனவே இரண்டு பேர் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் வர்த்தகம்) ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று அதில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருக்கிறேன்.

2016-இல் லண்டனில் பங்குச் சந்தை வர்த்தகர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நாடியைத் தொடாமலே தன் இதயத்துடிப்பைச் சரியாக எண்ணத் தெரிந்தவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள், அந்தத் தொழிலில் அதிக வருஷம் தாக்குப்பிடித்தார்கள் என்று கண்டார்கள். அதைப் படித்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது என்று தோன்றியது. 9.15-க்குச் சந்தை திறக்கும். நான் 9 மணிக்கே அசோக் நகர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் மூச்சு. ஆறு மாதம், ஒரு நாள் விடவில்லை.

பலன் இருந்ததா? இருந்தது. கை நடுங்குவது நின்றது. விட்ட பணத்தைப் பிடிக்க அடுத்த நிமிஷமே இரண்டு மடங்கு போடும் கிறுக்கு குறைந்தது. மனைவி மேல் எரிந்து விழுவது குறைந்தது. பணம் மட்டும் வழக்கம்போலப் போய்க்கொண்டே இருந்தது. முன்பு பதறிப் பதறி இழந்ததை அப்போது ரொம்ப அமைதியாக இழந்தேன்! ஆட்டமே எனக்குத் தோதாக இல்லாதபோது மூச்சு என்ன செய்யும்? அமைதியாக இருந்ததால் 'நான் இப்போது பக்குவமாகிவிட்டேன்' என்று இன்னும் மூன்று மாதம் கூடுதலாக ஆடினேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஒன்றுக்கு மட்டும் நன்றி சொல்வேன். அப்போதெல்லாம் வியாழன்தான் எக்ஸ்பைரி, அந்த ஒப்பந்தங்கள் முடியும் நாள். அப்படி ஒரு வியாழன் மாலை, பதற்றம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்து ஆறு மாதக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன். பதறியிருந்த காலத்தில் அந்தக் கணக்கைத் திறக்கவே தைரியம் வந்ததில்லை. அடுத்த நாள் நிறுத்திவிட்டேன்.

சந்தேகப்_பிராணி
புதன், மாலை 6.33

ஆய்வு என்ற பேச்சு வந்ததால் என் பங்குக்கு.

முடிவெடுப்பதையே நேராக அளந்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. மேலாண்மை மாணவர்களில் ஒரு குழுவை இரண்டு நிமிஷம் மூச்சை நீட்டி விடச் சொன்னார்கள், இன்னொரு குழு சும்மா இருந்தது. பிறகு இரண்டு குழுவுக்கும் ஒரு வியாபாரச் சிக்கலைக் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். மூச்சு விட்டவர்கள் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை, கேள்விகளுக்குச் சரியான விடை என்று ஒன்று முன்கூட்டியே இருந்தது. விடுதலைப் பத்திரத்துக்கு விடைத்தாள் எங்கே இருக்கிறது?

2023-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்ததையும் எல்லோரும் எடுத்து விடுகிறார்கள். நாலு குழு, தினமும் ஐந்து நிமிஷம், ஒரு மாதம். மூக்கால் இரண்டு முறை தொடர்ந்து இழுத்து வாயால் நீளமாக விடும் பெருமூச்சுக் குழுவுக்கு மனநிலை அதிகம் தெளிந்தது. பாக்ஸ் வகையும் அதில் இருந்தது, ஆனால் முதலிடம் பெருமூச்சுக்குத்தான். கவனியுங்கள், அங்கே அளந்தது மனநிலையை. முடிவை அல்ல. வகுப்பு எடுப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்கி விற்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2001-இல் வந்த ஒன்று. இத்தாலியில் ஜெபமாலை சொல்பவர்களையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்பவர்களையும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு பக்கம் வந்து நின்றது. சிஸ்டர் சொன்ன அதே ஆறு. சாந்தோமில் என் மாமியார் தினமும் சாயங்காலம் செய்துகொண்டிருப்பது இதுதான் என்று சொன்னேன். "நான் மாதாகிட்ட பேசிட்டிருக்கேன், நீ எண்ணிட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டார்.

பிரபஞ்ச_ஒளி
புதன், இரவு 8.11

*இந்தப் பதிவு நீக்கப்பட்டது. (கட்டண வகுப்பு விளம்பரம். மட்டுறுத்துநர்)*

மிண்ட்_தெரு_பேரன்
வியாழன், காலை 6.20

நீங்கள் எல்லோரும் 2001, 2019 என்கிறீர்கள். மூச்சைப் பார்த்து முடிவெடுப்பது நம் ஊரில் என்றைக்கோ இருக்கிறது. சரம் பார்ப்பது என்பார்கள்.

என் தாத்தா தங்கசாலைத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பெரிய கொள்முதலோ கடன் பத்திரமோ வந்தால் புறங்கையை மூக்குக்கு நேராக வைத்து எந்தப் பக்கம் காற்று ஓடுகிறது என்று பார்ப்பார். வலது ஓடினால் இதற்கு நல்லது, இடது ஓடினால் அதற்கு நல்லது என்று ஒரு முழுக் கணக்கு இருந்தது. 'சரம் பார்ப்பவனிடம் சரசம் ஆடாதே' என்ற பழமொழியை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன்.

மூக்குத் துவாரம் மாறி மாறி அடைத்துத் திறப்பது உண்மை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக மாறும். 1895-இலேயே ஜெர்மானிய மருத்துவர் கைசர் அதை எழுதி வைத்தார். ஆனால் வலது மூக்கில் காற்று ஓடினால் பித்தளை விலை இறங்கும் என்பதற்கு எனக்கு ஆதாரம் எதுவும் தெரியாது.

நான் சொல்ல வந்தது வேறு. கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் அவசரப்படுத்தும் நாட்களில்தான் தாத்தாவுக்குச் சரம் சரியில்லாமல் போகும்! "இன்னைக்கு சரம் கூடி வரல, நாளைக்குப் பேசுவோம்" என்பார். யாராலும் வாதாட முடியாது. அவர் மூக்கில் என்ன ஓடுகிறது என்று யார் வந்து பார்ப்பது? வந்தவருக்கும் அவமானம் இல்லை. ஏதோ கிரகம் சரியில்லை என்று காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். தாத்தா அதை நம்பிச் செய்தாரா, வசதிக்குச் செய்தாரா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவுக்கும் இப்படி யாரும் வாதாட முடியாத ஒரு சாக்கு கையில் வேண்டும் என்று படுகிறது.

64_கட்டம்
வியாழன், காலை 11.05

பெரம்பூரில் குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். மேலே சொன்ன தாத்தாவுக்கு ஒரு கும்பிடு.

எங்கள் ஆட்டத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். 'சரி' என்று வாயில் வந்துவிடுகிற மாதிரிதான் அதுவும். எட்டு வயதுப் பிள்ளையிடம் 'யோசித்து ஆடு' என்று ஆயிரம் தடவை சொன்னாலும் ஏறாது. அதனால் யோசிக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். "கையைத் தொடைக்கு அடியில் வை. ஒரு மூச்சு முழுசா விடு. அப்புறம் கையை எடு." அவ்வளவுதான். மூச்சு விடும்போது ஏதோ ஞானம் வருகிறது என்று நான் நினைக்கவில்லை. அந்த ஐந்தாறு விநாடியில் கண் பலகையின் மறு மூலைக்கு ஒரு தடவை போய்விட்டு வரும். குதிரை அங்கே நிற்பதைப் பார்த்துவிடுவார்கள்.

இன்னொன்று. பயத்தில் செய்யும் தப்பைவிட சந்தோஷத்தில் செய்யும் தப்பு அதிகம். எதிராளி ராணியைத் தாரை வார்த்தால் பிள்ளைகள் பாய்ந்து எடுக்கும், அடுத்த நகர்த்தலில் மாட்டிக்கொள்ளும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டத்தின் 14-ஆவது ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கு 18 வயது, உலகப் பட்டமே கண்ணெதிரில் கிடக்கிறது. கை பாயவில்லை. தன்னை நிதானப்படுத்திக்கொண்டு, சரிபார்த்துவிட்டுத்தான் ஆடினார். அந்த வீடியோவை வகுப்பில் குறைந்தது இருபது தடவை போட்டுக் காட்டியிருப்பேன்.

மேடம், உங்கள் மனை அட்வான்ஸ் கதையும் எனக்கு இந்த வகையாகத்தான் தெரிகிறது. அங்கே யாரும் குரலை உயர்த்தவில்லையே? 'கிடைத்தது, விட்டுவிடக் கூடாது' என்ற பாய்ச்சல் அது.

நடுவுல_பொறந்தவ
வியாழன், இரவு 9.30

64 சார், அதை நான் யோசித்ததே இல்லை. உண்மைதான். அன்று பயமும் இருந்தது, ஆனால் ஆசைதான் முன்னால் நின்றது.

ரயில் கணக்கை இரண்டு நாளாகச் செய்து பார்க்கிறேன் சிஸ்டர். நேற்று மேலாளர் ஒரு ஃபைலை நீட்டியதும் மனசுக்குள் கடற்கரை என்று ஆரம்பித்தேன். நுங்கம்பாக்கம் தாண்டுவதற்குள் 'சரி' வந்துவிட்டது. இன்று மாம்பலம் வரை போனேன்.

கசந்த_காபி
வியாழன், இரவு 11.48

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கும் இதே விடுதலைப் பத்திரம் நடந்தது. ஐந்து வருஷம் முன்னால், திருவொற்றியூர் வீடு. அப்போது நான் தியானம், மூச்சு எல்லாம் தீவிரமாகச் செய்துகொண்டிருந்தேன். பேச்சுவார்த்தை அன்று எனக்குள் பயங்கரக் கோபம் வந்தது. வந்ததும் நான் கற்றபடியே செய்தேன். மெதுவாக இழுத்து, நீளமாக விட்டு, கோபத்தை அப்படியே கரைத்துவிட்டேன். மனசு குளம் மாதிரி ஆனது. அந்த அமைதியில் 'சொத்தில் என்ன இருக்கிறது, உறவுதான் முக்கியம்' என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

அந்த உறவு அடுத்த பொங்கலுக்கே சீர் கொண்டுவரவில்லை.

அன்று என் கோபம் சரியாகத்தான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அது எனக்காகப் பேச வந்தது. அதன் வாயை நானே பொத்தி அனுப்பிவிட்டேன். மூச்சுப்பயிற்சி கெட்டது என்று சொல்ல வரவில்லை. விட்டுக்கொடுத்தே வளர்ந்த பெண்களுக்கு இந்த 'அமைதி' எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். அவ்வளவுதான்.

ஓஎம்ஆர்_அகதி
வெள்ளி, காலை 8.15

அக்கா, இரண்டு நாளாக நான் கத்திக்கொண்டிருந்ததை நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

ராத்திரி_ட்யூட்டி
வெள்ளி, காலை 8.50

படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத வரவில்லை. எனக்கு இந்தப் பக்கம் தெரியாது. வார்டில் எங்களுக்கு வேண்டியது கை நடுங்காமல் இருப்பது மட்டும்தான், அங்கே யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நடுவுல பொறந்த தங்கச்சிக்கு நான் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். அங்கே போய் அமைதியாவதற்கு முன்னால், இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து, கோபம் இருக்கும்போதே, அது என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மூச்சை ஞாயிற்றுக்கிழமை விடலாம். தாள் கைப்பையில் இருக்கட்டும். ரொம்ப நேரமும் செய்யாதீர்கள். ஒன்றிரண்டு மூச்சு, வாயைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் அளவுக்கு மட்டும். குளம் ஆகும் வரை போக வேண்டாம்.

கபாலத்_தம்பி
வெள்ளி, காலை 11.30

இன்டர்வியூவுக்கு முன்னால் கபாலபாதி, அதாவது வேக வேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி, செய்துவிட்டுப் போனேன். வீடியோவில் பார்த்ததுதான். லிஃப்டில் தலை சுற்றி, விரல் நுனி எல்லாம் மரத்துப்போய், உதடு இழுத்த மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள், பழைய சம்பளத்தையே சொல்லிவிட்டு வந்தேன்.

ராத்திரி_ட்யூட்டி
வெள்ளி, மதியம் 12.10

தம்பி, வேக வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல் அதனால்தான். விரல் மரப்பதும் கரியமில வாயு குறைவதால் வருவதுதான். முடிவெடுக்கப் போகிற நேரத்தில் மூளைக்கு ரத்தத்தைக் குறைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்! அதை ஆசிரியரிடம் கற்று, காலையில் வெறும் வயிற்றில் செய்யுங்கள். இதை ஒட்டி ஒன்று: நெஞ்சு வலி, வியர்வை, இடது கைக்கு வலி இறங்குவது இருந்தால் பயிற்சி எதுவும் செய்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பதற்றம் என்று நினைத்து மூச்சு விட்டுக்கொண்டே நேரத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மிண்ட்_தெரு_பேரன்
வெள்ளி, மதியம் 12.40

திருமூலர் கணக்கிலேயே இழுக்க 16, அடக்க 64, விட 32. விடுவது இழுப்பதைப் போல இரண்டு பங்கு. சிஸ்டர் சொன்ன திசைதான். நடுவில் இருக்கும் 64-ஐ மட்டும் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

பத்திர_எழுத்தர்_மகன்
வெள்ளி, மாலை 5.25

மேடம் கேட்காததைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வீடு அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது, உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், அண்ணன், தம்பி நாலு பேருக்கும் சமபங்கு. நகை போட்டதெல்லாம் அதில் கழியாது. பதிவான விடுதலைப் பத்திரத்தை அப்புறம் மனசு மாறி நீங்களாக ரத்து செய்ய முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

மூச்சுக்குச் சம்பந்தமான விஷயமும் இதில் ஒன்று உண்டு. சார்பதிவாளர் முன்னால் நீங்கள் நேரில் போய்க் கைரேகை வைக்காமல் அந்தப் பத்திரம் பதிவாகாது. ஞாயிறு அன்று வீட்டில் நீங்கள் 'சரி' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாலும் வானம் இடிந்து விழாது. இது தெரிந்தாலே பாதிப் பதற்றம் இறங்கும். வெற்று முத்திரைத்தாளில் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மட்டுறுத்துநர்
வெள்ளி, மாலை 5.50

நல்ல தகவல். மேற்கொண்டு சொத்துக் கேள்விகளைச் 'சட்டம்' பகுதியில் தொடரவும். இந்த இழை மூச்சுக்கு.

29சி_ரிட்டயர்டு
சனி, காலை 5.45

வணக்கம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை மாநகரப் பேருந்து ஓட்டியவன். 26 வருஷம். பேரன் இதைப் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான்.

குறுக்கே ஸ்கூட்டர் வந்தால் மூச்சைப் பார்க்க நேரம் ஏது? கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அது பழக்கம். மூச்சு பார்க்க வேண்டிய இடம் வேறு. சில்லறைத் தகராறில் கண்டக்டருக்கும் பயணிக்கும் சண்டை, நானும் திரும்பி நாலு வார்த்தை கத்திவிடுவேன். கத்திவிட்டு அப்படியே வண்டியை எடுத்தால் அடுத்த இரண்டு ஸ்டாப்பிங்குக்குள் எங்கேயாவது உரசும். எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. அதற்கப்புறம் சண்டை முடிந்தால் கியரைப் போட மாட்டேன். 'உஸ்ஸ்' என்று ஒரு முறை நீளமாக விடுவேன், இரண்டு பக்கக் கண்ணாடியும் பார்ப்பேன், அப்புறம்தான் எடுப்பேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

பாருங்கம்மா, ஹாரன் அடிக்கிறவனுக்கு அவன் அவசரம். வண்டி உங்க கையில இருக்கு.

நடுவுல_பொறந்தவ
ஞாயிறு, இரவு 10.20

போய்விட்டு வந்தேன். எழுதியே ஆக வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளி இரவு தாளில் எழுதினேன். கசந்த காபி அக்கா, ஒன்றரைப் பக்கம் வந்தது. எனக்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

சாப்பாடு முடிந்து அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து வைத்தார். அண்ணன் ஆரம்பித்தான். முதலில் இனிமையாகத்தான். பத்து நிமிஷத்தில் குரல் ஏறியது. "இப்ப என்ன, போடறியா இல்லையா?" என்றான். எனக்கு வழக்கம்போல வயிறு இறுகியது. எதிரில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு கடற்கரையில் ஏறினேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். கோடம்பாக்கம் வரும்போது தம்பி, "என்னக்கா, தூங்கறியா?" என்றான். நான் இறங்கவில்லை. மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி. ஆறு விநாடிதான். அந்த அறையில் அது ஆறு நிமிஷம் மாதிரி இருந்தது. என் வாயிலிருந்து 'சரி' வரவில்லை. நான் யோசித்து வைத்திருந்த பதிலும் வரவில்லை. "அம்மா பங்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். தாளில் அது கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

யாரும் பேசவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். அம்மாவிடமும் அதே பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதாக இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அண்ணன் நிறையக் கத்தினான். நானும் கத்தினேன், அப்போது எந்த ஸ்டேஷனும் ஞாபகம் வரவில்லை. கடைசியில் "தை வரைக்கும் எனக்கு டைம் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மிண்ட் தெரு தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

போடுவேனா மாட்டேனா என்று இன்னும் தெரியவில்லை. தலை வலிக்கிறது.

கசந்த_காபி
ஞாயிறு, இரவு 10.31

கத்தியது நல்லது. தூங்கு.

64_கட்டம்
ஞாயிறு, இரவு 10.40

பலகையின் மறு மூலையில் அம்மா நின்றிருக்கிறார்.

ஆவடி_லோக்கல்
ஞாயிறு, இரவு 10.44

அடுத்த முறை பரங்கிமலை வரை டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவுல_பொறந்தவ
திங்கள், காலை 7.55

வில்லங்கச் சான்றுக்கு இன்று விண்ணப்பிக்கிறேன். பழைய பத்திர எண் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். அம்மாவே காலையில் போன் பண்ணிச் சொன்னார், சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று. மீதியைச் சட்டம் பகுதியில் கேட்கிறேன்.